பிள்ளைகள் பெற்ற பின் தாதியர் கல்வி

“அம்மா, நான் நேர்சிங் படிக்கப் போறன்” என்று இலண்டனிலிருந்து மகள் தொலைபேசியில் சொல்கிறாள். இங்கே ஊரில் இருக்கும் தாயின் வாயில் வருகின்ற முதற் கேள்வி, “பிள்ளையளை ஆர் பாக்கிறது?” என்பதே. மகளுக்கு வயது முப்பத்தெட்டு. மூத்த பெண் பிள்ளைக்குப் பதினைந்து, அடுத்தவனுக்குப் பத்து, கடைக்குட்டிக்கு நாலு. அவள் உயர்தரப் பரீட்சை எழுதிப் புத்தகத்தை மூடி இருபது வருடமாகின்றது. கடையொன்றில் காசாளராக நிற்பவள், மாமியின் காலில் புண் வந்தபோது வீட்டுக்கு வந்து மருந்து கட்டிய தாதியைப் பார்த்து, “இதை நானும் செய்யலாமே” என்று எண்ணத் தொடங்கினாள்.

இக்குடும்பம் விளக்கத்துக்காக நாம் கற்பனையாகக் கூட்டிய குடும்பம். ஆயினும் இதைப் போன்ற வீடுகள் இங்கிலாந்திலே நம்மவரிடையே பல உண்டு. அங்கிருந்து வரும் இக்கேள்விக்கு இங்குள்ள பெற்றோரும் பதில் சொல்ல வேண்டியிருக்கின்றது. தாய் கேட்ட கேள்வியை மகள் பெரும்பாலும் மனத்தளர்ச்சி தரும் பேச்சாகவே எடுத்துக்கொள்வாள். நமது எண்ணம் வேறு. அதுவே சரியான கேள்வி. ஆனால் படிப்பைத் தடுப்பதற்காகக் கேட்கப்படாமல், விடை காண்பதற்காகக் கேட்கப்பட வேண்டும். வயதாலோ அறிவுக் குறைவாலோ தோற்கும் தாய்மாரைவிட, இக்கேள்விக்கு விடை காணாமலே தொடங்கி இரண்டாம் வருடத்தில் நின்றுவிடும் தாய்மாரைப் பற்றியே நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

வயது ஒரு தடையா?

நமது நாட்டில் அரச தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பம் கோரும்போது உயர்ந்த வயதெல்லை ஒன்றும் விதிக்கப்படுவது வழமை. ஆகவே முப்பத்தெட்டு வயதில் தாதியர் கல்வி என்பது நமக்கு விநோதமாகத் தோன்றுகின்றது. இங்கிலாந்தில் அப்படியான உயர் எல்லை கிடையாது. நாற்பதிலும் அதற்கு மேலும் தொடங்குபவர்கள் உண்டு.

இது முற்றிலும் புதிய காரியமும் அல்ல. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரின் பெயரால் 1860 ஆம் ஆண்டு இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, பயிலுநருக்கு உகந்த வயதாக அவர்கள் குறித்தது 25 முதல் 35 வரை. பதினெட்டு வயதுப் பெண்ணைவிட உலகம் கண்ட பெண்ணையே அன்று விரும்பினார்கள். ஆனால் அவர்கள் தேடியது கணவனும் கைக்குழந்தையும் உள்ளவளை அல்ல. அதற்குப் பின்னும் நெடுங்காலம் தாதியர் விடுதியில் தங்க வேண்டும், மணமுடித்தால் வேலையை விட வேண்டும் என்ற வழக்கம் பல வைத்தியசாலைகளில் இருந்தது. எனவே வயதைவிட வீடே இத்தொழிலுக்கு எதிரான சுமையாகக் கருதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டத்திலே அந்தத் தடை இன்று இல்லை. மணிக்கூட்டிலே அது இன்னும் இருக்கின்றது.

நுழையும் வழிகள்

2013 முதல் இங்கிலாந்தில் தாதியாகப் புதிதாகப் பயில்பவர்கள் பட்டப்படிப்பாகவே அதைப் பயில வேண்டும். வழமையான காலம் மூன்று வருடம். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜீ.சீ.எஸ்.ஈ. தராதரம் கேட்பார்கள். நமது சாதாரண தரச் சான்றிதழை ஏற்பதும் ஏற்காததும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். ஆகையால் ஒரு இடத்தில் இல்லை என்றார்கள் என்று சோர்ந்துவிடாமல் நாலு இடத்தில் எழுதிக் கேட்க வேண்டும்.

உயர்தரப் பெறுபேறு பழையது அல்லது போதாதது என்றால் அக்சஸ் டிப்ளோமா என்ற வழி உண்டு. பாடசாலைக் கல்வியைத் தவறவிட்ட வளர்ந்தோருக்காக 1978 அளவில் தொடங்கிய ஏற்பாடு அது. உள்ளூர்க் கல்லூரியில் முழுநேரமாக ஒரு வருடம், பகுதிநேரமாக ஏறக்குறைய இரண்டு வருடம். மனித உடலியல், சமூகவியல், உளவியல், கட்டுரை எழுதும் முறை ஆகியவை அங்கு கற்பிக்கப்படும். இதற்கான கட்டணத்தைக் கடனாகப் பெற்று, பின்னர் பட்டப்படிப்பையும் முடித்துவிட்டால், அக்சஸ் கடனில் எஞ்சிய தொகை தள்ளுபடி செய்யப்படும். நமது அபிப்பிராயத்தில் இந்த ஒரு வருடத்தின் பெரும் பயன் சான்றிதழ் அல்ல. மூன்று வருடத்துக்கு வீடு தாங்குமா என்பதை ஒரு வருடத்தில் பரீட்சித்துப் பார்க்கும் வாய்ப்பு அது.

ஏற்கெனவே யாழ்ப்பாணத்திலோ வேறிடத்திலோ பட்டம் பெற்றவர்கள் வேறொரு கதவைத் தட்டலாம். முன்னைய படிப்பையும் அனுபவத்தையும் கணக்கிலெடுத்து இரண்டு வருடத்தில் முடிக்கும் பட்டமேற்படிப்பு நெறிகள் உள்ளன. வேலை செய்துகொண்டே சம்பளத்துடன் பயிலும் தொழிற்பயிலுநர் முறையும் உண்டு. அது பெரும்பாலும் நாலு வருடம் எடுக்கும். அதற்கு ஒரு வைத்தியசாலை முதலில் ஆளை வேலைக்கு எடுக்க வேண்டும். நர்சிங் அசோசியேற் என்னும் இரண்டு வருட நிலை 2019 முதல் பதிவுக்குரியதாயிற்று. பராமரிப்பு உதவியாளராகச் சேர்ந்து, அந்நிலைக்கு வந்து, பின் தாதியாகும் பெண்களும் இருக்கிறார்கள். சம்பளமின்றி ஒரு மாதமும் ஓட்ட முடியாத வீட்டுக்கு இப்பாதை நீளமானாலும் பொருத்தமானது.

காசுக் கணக்கு

இதிலே நம்மவர் பலர் பழைய செய்தியை வைத்துப் பேசுகின்றார்கள். “நேர்சிங் படிப்பு இனாம்” என்பது இங்கிலாந்தில் 2017 ஆகஸ்ட் மாதத்துக்கு முன் சேர்ந்தவர்களின் கதை. அதன்பின் கட்டணத்தைக் கடனாகப் பெற்றே படிக்க வேண்டியதாயிற்று. 2025 இல் தொடங்கிய கல்வியாண்டுக்கு அதிகூடிய கட்டணம் 9,535 பவுண். 2023 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சேர்ந்தவர்கள், வருட வருமானம் 25,000 பவுணைத் தாண்டினால் தாண்டிய பகுதியில் நூற்றுக்கு 9 வீதம் திருப்பிக் கட்ட வேண்டும் என்று விதி செய்யப்பட்டது. நாற்பது வருடத்தின் பின் மிகுதி அழிக்கப்படும். வட்டிக்கு வாங்கும் கைமாற்றைப் போல இதை எண்ணிப் பயப்படத் தேவையில்லை. இல்லாத கடன் என்று மறந்துவிடவும் கூடாது.

2020 இல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பயிற்சி உதவித் தொகையாக வருடம் 5,000 பவுணும், பதினைந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒன்றாவது தங்கியிருக்கும் மாணவருக்கு மேலும் 2,000 பவுணும் ஏற்படுத்தப்பட்டன. இந்த 2,000 மாணவர் ஒருவருக்கு. பிள்ளைக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கக் கூடாது. பிள்ளை பராமரிப்புச் செலவில் 85 வீதம் வரை ஓர் எல்லைக்குட்பட்டுத் தரும் மானியம் வேறு உண்டு. அது குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. பயிற்சி இடங்களுக்குப் போய்வரும் மேலதிகச் செலவையும் கேட்டுப் பெறலாம். பற்றுச்சீட்டுகளைச் சப்பாத்துப் பெட்டியொன்றிலாவது போட்டு வைக்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் ஏற்பாடு வேறு. அங்கே வசிப்போர் அவ்விடத்து விதிகளையே பார்க்க வேண்டும்.

மாணவர் கடனுக்கு வதிவிட உரிமை ஒரு நிபந்தனை. நிரந்தர வதிவிடம் அல்லது பிரசாவுரிமையுடன், பொதுவாக மூன்று வருட வாசமும் கேட்கப்படும். விசா நிலை தெளிவில்லாதவர்கள் விண்ணப்பிக்க முன் இதைத் தீர விசாரிக்க வேண்டும். இடம் கிடைத்த பின் கடன் கிடைக்காமற் போவது பெரிய மனவேதனை.

நேரக் கணக்கு

இனித்தான் முக்கியமான கணக்குக்கு வருகின்றோம். அந்நாட்டுத் தாதியர் மருத்துவிச்சியர் பேரவை வகுத்த அளவின்படி தாதியாகப் பதிவதற்கு 4,600 மணித்தியாலப் பயிற்சி வேண்டும். பாதி, அதாவது 2,300 மணித்தியாலம், கற்கை. மறுபாதி நோயாளரிடத்துச் செய்முறைப் பயிற்சி. கிழமைக்கு முப்பத்தேழரை மணித்தியாலம் என்று வைத்து இதை மூன்று வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள். வருடத்துக்கு 41 கிழமை முழுநேர வேலையைப் போன்றது. மற்றப் பட்டதாரி மாணவர்களின் நீண்ட கோடை விடுமுறை இவர்களுக்கு இல்லை. பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையோ வருடத்தில் பதின்மூன்று கிழமை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை.

செய்முறைப் பயிற்சி நாளொன்றை எடுத்துக்கொள்வோம். விடுதிகளில் பகற்பணி பொதுவாகக் காலை ஏழரை அளவில் தொடங்கி இரவு எட்டு மணி வரை நீளும். பேருந்தில் ஒரு மணித்தியாலப் பயணம் என்றால் தாய் காலை 6.15 க்கு வீட்டை விட வேண்டும். பாடசாலையில் காலைச் சாப்பாட்டு வகுப்பு இருந்தாலும் எட்டு மணிக்கு முன் கதவு திறப்பது அரிது. கணவன் களஞ்சியத்திலோ பெற்றோல் நிலையத்திலோ விடியற்காலை வேலைக்குப் போகிறவர். ஆக 6.15 முதல் 8 மணி வரையுள்ள ஒன்றேமுக்கால் மணித்தியாலம் ஆருக்கும் சொந்தமில்லாமல் நிற்கின்றது. படிப்பு விழுந்து போவது இந்த ஒன்றேமுக்கால் மணித்தியாலத்துக்குள்ளேதான். உடலியல் பாடத்திலே அல்ல.

பயிற்சி இடமும் ஒன்றல்ல. சில கிழமை சத்திரசிகிச்சை விடுதி, பின்பு முதியோர் இல்லம், பின்பு வீடு வீடாகச் செல்லும் சமூகத் தாதியருடன் என்று மாறிக்கொண்டிருக்கும். இரவுப் பணியும் சனி ஞாயிறும் உண்டு. ஞாயிறு பூசைக்கு எல்லோரும் ஒன்றாகப் போவது பழகிய குடும்பத்துக்கு, “இந்த ஞாயிறு அம்மா டியூட்டி” என்பது ஆரம்பத்தில் நெஞ்சைத் தொடும். சனி மாலைப் பூசை, வேறு பங்கின் பூசை நேரம் என்பவற்றை முன்கூட்டி அறிந்து வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

தவறிய பயிற்சி மணித்தியாலங்களை மாணவி பின்பு செய்து முடிக்கவே வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் நின்றால் அந்த மூன்று நாளும் கடனாகக் கணக்கில் நிற்கும். இக்கடன் முதலில் சிறிது. சொல்லாமல் மறைத்தால் பெரிதாகும். ஆகையால் இடர் வரும் அறிகுறியிலேயே பொறுப்பான விரிவுரையாளரிடம் சொல்ல வேண்டும். பணிநேரத்தைச் சற்று மாற்றித் தரும்படி கேட்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை, ஆனால் கேட்பதில் குற்றமில்லை. வீட்டில் பெரிய துன்பம் வந்தால் படிப்பை ஒரு காலத்துக்கு இடைநிறுத்தி, மீண்டும் வந்து சேரவும் விதி உண்டு. நம்மவர்கள் வெட்கத்தினால் இதைக் கேளாமல் அமைதியாக விட்டுப் போகிறார்கள். இடைநிறுத்துவதும் விட்டுப் போவதும் ஒன்றல்ல.

மூத்த பிள்ளையின் பங்கு

மேலே சொன்ன ஒன்றேமுக்கால் மணித்தியாலத்துக்கு விடை தேடும்போது நமது வீடுகளில் எல்லோரது கண்ணும் மூத்த பெண் பிள்ளை மீதே போகும். “அவள் பெரிய பிள்ளைதானே, தம்பியையும் தங்கச்சியையும் வெளிக்கிடுத்தி விடுவாள்” என்பார்கள். தயவுசெய்து இதிலே நிதானமாக இருங்கள். அந்தப் பிள்ளை ஜீ.சீ.எஸ்.ஈ. பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் வயதில் இருக்கின்றாள். தாய் இருபது வருடத்துக்கு முன் இழந்த படிப்பை மீட்பதற்காக மகளின் படிப்பு ஈடு வைக்கப்படுவது நியாயமல்ல. கிழமையில் ஒரு நாள் உதவுவது நல்ல பழக்கம். மூன்று நாள் தாயாக இருப்பது பிள்ளைக்குரிய வேலையல்ல. பத்து வயதுப் பையனும் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே கட்டலாம் என்பதையும், பெண்பிள்ளையைப் பற்றிப் பேசுகின்ற வாய்கள் அவனைப் பற்றிப் பேசாததையும் கவனிக்க வேண்டும்.

அடுத்த கண் அம்மம்மா மீது விழும். ஊரிலிருந்து கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரி என்ற எண்ணம். வருகையாளர் விசா வழமையாக ஆறு மாதத்துக்கே. பிள்ளை பார்க்கும் ஆளாக ஒருவரை வைத்திருப்பது அவ்விசாவின் நோக்கமும் அல்ல. மூன்று வருடக் கல்வியை ஆறு மாதத் துணையை நம்பித் தொடங்க முடியாது. அம்மம்மா வருவது பேரப்பிள்ளைகளுக்குச் சந்தோஷம். அதைச் சந்தோஷமாகவே வைத்திருப்போம்.

எஞ்சுவது கணவன். இங்கே வளைத்துப் பேசுவதில் பயனில்லை. அவர் தமது வேலை நேரத்தை மாற்றக் கேட்டுப் பார்க்கச் சம்மதிப்பாரா, சமையலில் எந்த நாட்கள் அவருடையவை, பாடசாலையிலிருந்து பிள்ளைக்குச் சுகமில்லை என்று அழைப்பு வந்தால் ஆர் போவது என்ற மூன்றையும் விண்ணப்பத்துக்கு முன் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். “படி, படி, நான் இருக்கிறன்தானே” என்ற பொதுவான சம்மதம் முதலாம் மாதத்துக்கு மட்டுமே போதும். அயலில் இதே பாடசாலைக்குப் பிள்ளை விடும் ஒரு தாயுடன் முறை மாற்றி உதவும் ஒழுங்கும், பதிவுபெற்ற பிள்ளை பராமரிப்பாளர் ஒருவரும் இருந்தால் அந்தத் தாள் நிறைவு பெறும்.

சமையலறை மேசையில் கணிதம்

நீண்ட காலம் படிப்பை விட்டவர்கள் அதிகம் பயப்படுவது கணிதத்துக்கே. பயத்துக்குக் காரணமும் உண்டு: மருந்தளவுக் கணிப்புப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு எடுக்க வேண்டும் என்பது பேரவையின் விதி. தொண்ணூற்றொன்பது சித்தி அல்ல. ஆனால் அங்கு தேவைப்படுவது பெருக்கலும் வகுத்தலும் தசமமும்தான்.

பரசிற்றமோல் பாணி 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ளது. பிள்ளைக்கு எழுதப்பட்டது 180 மில்லிகிராம். வேண்டியதை இருப்பதால் வகுக்க ஒன்றரை. அதை ஐந்தால் பெருக்க ஏழரை மில்லிலீற்றர். ஒரு கொத்து அரிசிக்கு இவ்வளவு தேங்காய் என்றால் ஒன்றரைக் கொத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்த தாய்க்கு இது புதிதல்ல.

சேலைன் ஏற்றும் கணக்கு இன்னொன்று. 1,000 மில்லிலீற்றர் எட்டு மணித்தியாலத்தில் போக வேண்டும். குழாயில் 20 துளி ஒரு மில்லிலீற்றர். மொத்தம் 20,000 துளி; எட்டு மணித்தியாலம் என்பது 480 நிமிடம்; வகுத்தால் 41.67, ஆகவே நிமிடத்துக்கு 42 துளி.

விழும் குழி வேறிடத்தில் இருக்கின்றது. மில்லிகிராமும் மைக்கிரோகிராமும். ஒரு மில்லிகிராம் ஆயிரம் மைக்கிரோகிராம். இருதய நோய்க்குத் தரும் டிகொக்சின் 0.125 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் அது 125 மைக்கிரோகிராம்; கையில் உள்ள வில்லை 62.5 மைக்கிரோகிராம் என்றால் இரண்டு வில்லை. தசமப்புள்ளி ஓரிடம் தவறினால் மருந்து பத்து மடங்காகும். இதற்காகவே நூற்றுக்கு நூறு கேட்கின்றார்கள். தினமும் இரவில் பத்து நிமிடம், பத்து வயது மகன் தசமம் படிக்கும் அதே மேசையில், தாயும் பத்துக் கணக்குச் செய்தால் மூன்று மாதத்தில் கை பழகிவிடும். பிழை பிடிக்கும் உரிமையை மகனுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கட்டுரை எழுதுவது உண்மையில் கணிதத்திலும் கடினம். நாம் மனனம் செய்து வளர்ந்தவர்கள். புத்தகத்திலிருந்தபடி எழுதினால் இங்கே புள்ளி. அங்கே அது களவு. எவர் சொன்னது என்று குறித்து, அதை எடைபோட்டு, தன் முடிவைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக நூலகத்தில் இதற்கு உதவி செய்வோர் இருப்பர். முதற் கட்டுரைக்கு முன்பே அவர்களிடம் போக வேண்டும்.

விடுதியில் மறக்க வேண்டியவை

பிள்ளை வளர்த்த கை, நோயாளியின் அருகே பதறாது. இரவில் விழித்திருந்து பழகியவள். முகத்தைப் பார்த்தே வருத்தம் கூடுகிறது என்று உணர்வாள். இவை பெரிய முதல்.

ஆனால் அந்த முதலிலேயே ஓர் இடையூறும் உண்டு. நம் வீடுகளில் நோயாளிக்குச் சோறு குழைத்து ஊட்டுவது அன்பு. அங்கே கரண்டி பிடிக்கக் கூடியவர் தாமே பிடிக்க வேண்டும். கை நடுங்கினாலும், பாதி சிந்தினாலும், அவர் தம் வீட்டுக்குத் திரும்பித் தனியே வாழ வேண்டியவர். அருகில் இருந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பதே தாதியின் பணி. நமது தாய்மாருக்கு இதைவிடக் கஷ்டமான பாடம் இல்லை என்று சொல்லலாம். அவ்வாறே நோயாளியைக் கக்கத்தில் பிடித்துத் தூக்குவதும் கூடாது. நழுவுசீலையும் தூக்கும் பொறியும் உண்டு. அவற்றைக் கொண்டு வர நேரமெடுத்தாலும் அவற்றையே பாவிக்க வேண்டும். இல்லையேல் நாற்பது வயதில் முதுகு போய்விடும்.

பாஷையிலும் தடுக்கும் இடங்கள் உண்டு. கடையில் பேசிய ஆங்கிலம் விடுதிக்குப் போதாது. முதியவர் ஒருவர் ‘ஸ்பென்ட் எ பெனி’ என்றால் காசைப் பற்றிப் பேசவில்லை; சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்கிறார். ‘பூர்லி’ என்றால் சுகமில்லை. விளங்காததை விளங்கியது போலத் தலையாட்டுவது நமது மரியாதைப் பழக்கம். அந்த இடத்தில் அது ஆபத்து. இரண்டாம் முறையும் கேட்க வேண்டும்.

மரியாதை என்றதும் இன்னொன்று. பழக்கிவிடும் மேற்பார்வைத் தாதிக்கு இருபத்துநாலு வயதாக இருக்கலாம். முப்பத்தெட்டு வயதுக்காரியைப் பெயர் சொல்லி அழைத்து, “கையை மறுபடி கழுவுங்கள்” என்பாள். ஊரில் அக்கா என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது சுடும். அவளிடம் பயிற்சியில் உள்ள பதினெட்டு வயது மாணவிக்கும் அவள் அதையேதான் சொல்கிறாள்.

விண்ணப்பம் யூக்காஸ் என்னும் மத்திய அமைப்பு வழியாகப் போகும். செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு அவ்வருட ஜனவரியிலேயே முதற் கடைசி நாள் வந்துவிடும். பின்னர் அனுப்பினாலும் இடம் இருந்தால் பார்ப்பார்கள். நேர்முகத் தேர்வும், குற்றப் பதிவு இல்லை என்ற சான்றும், உடல்நலப் பரிசோதனையும் தடுப்பூசி விபரமும் கேட்கப்படும். இங்கே சிறுவயதில் போட்ட ஊசிகளின் அட்டை வீட்டு அலுமாரியில் இருந்தால் தேடியெடுத்துப் படம் பிடித்து அனுப்புங்கள். சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்களின் மூலப்பிரதி காணாமற் போயிருந்தால் பரீட்சைத் திணைக்களத்தில் மறுபிரதி கேட்டு எடுப்பதும் ஊரில் உள்ளவர்களுக்கே வசதி.

இன்னும் ஒரு சிறிய காரியம். இரவுப் பணி முடித்து வீடு வரும் மகள் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு அங்கே காலை ஒன்பது மணியளவில் படுப்பாள். அப்போது இங்கே மாரியில் பிற்பகல் இரண்டரை, கோடையில் ஒன்றரை. சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக இருக்கும் அந்த நேரத்திலேதான் நமக்கும் மகளோடு பேச மனம் வரும். இரவுப் பணி உள்ள நாட்களைக் கலண்டரில் சிவப்பால் வட்டமிட்டு வைத்து, அந்நாட்களில் இங்கே இரவு எட்டு மணி கழிந்த பின் அழையுங்கள்.